ஒரே பக்கத்தில் இரண்டு ரியாக்ட்

பத்து வரிக் கம்போனன்ட். உள்ளே ஒரே ஒரு யூஸ்ஸ்டேட். நிறுவனத்தின் பொது வடிவமைப்பு லைப்ரரிக்காக எழுதியது. அந்த லைப்ரரியின் சொந்த ஃபோல்டரில் நன்றாக ஓடுகிறது, சோதனைகள் எல்லாம் பச்சை. அதையே என்பிஎம் லிங்க் போட்டு முதன்மைச் செயலிக்குள் கொண்டுவந்ததும் திரை வெள்ளையாகிவிடுகிறது. கன்சோலில் இரண்டு சிவப்புச் செய்திகள். முதலாவது ‘இன்வாலிட் ஹூக் கால்’. அடுத்தது, ‘நல்’ மதிப்பிலிருந்து யூஸ்ஸ்டேட்டைப் படிக்க முடியவில்லை என்பது. எழுதியவர் ஹூக் விதிகளை மறுபடி எடுத்துப் படிக்கிறார். நிபந்தனைக்குள் அழைக்கவில்லை, லூப்புக்குள்ளும் அழைக்கவில்லை. தவறு தன் பத்து வரிகளில் இல்லவே இல்லை என்று அவருக்குப் புரிவதற்குள் அரை நாள் போய்விடுகிறது.

2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8 ஹூக்குகளோடு வந்த நாள் முதல் உலகெங்கும் முன்முகப்பு நிரலாளர்கள் இந்த அரை நாளை இழந்துகொண்டே இருக்கிறார்கள். ரியாக்ட் ஆவணம் இந்தப் பிழைக்கு மூன்று காரணங்கள் சொல்கிறது: ரியாக்ட், ரியாக்ட்-டாம் பதிப்புகள் பொருந்தாமை, ஹூக் விதி மீறல், ஒரே செயலிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ரியாக்ட் பிரதிகள். பெரும்பாலோர் இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதைத் தேடிப் போகத் தெரிந்தவர்கள் குறைவு.

யூஸ்ஸ்டேட் தன்னளவில் எந்த வேலையும் செய்வதில்லை. ரியாக்ட் பேக்கேஜுக்குள் டிஸ்பேட்சருக்கென்று ஓர் இருக்கை உண்டு. ஒரு கம்போனன்ட்டை வரையத் தொடங்கும்போது ரியாக்ட்-டாம் அந்த இருக்கையில் தன் ஆளை உட்கார வைக்கும். வரைந்து முடித்ததும் எழுப்பிவிடும். யூஸ்ஸ்டேட் செய்வதெல்லாம் அந்த இருக்கையைப் பார்த்து, அங்கே இருப்பவரிடம் வேலையை ஒப்படைப்பதுதான். செயலிக்குள் இரண்டு ரியாக்ட் இருந்தால் இருக்கையும் இரண்டு. ரியாக்ட்-டாம் ஒன்றில் ஆளை வைத்திருக்க, கம்போனன்ட் மற்றதைப் போய்ப் பார்க்கிறது. அங்கே யாரும் இல்லை. கன்சோல் சொன்ன ‘நல்’ இந்தக் காலி இருக்கைதான். இரண்டு பிரதிகளும் 18.2.0 என்று அச்சு அசலாக ஒரே பதிப்பாக இருந்தாலும் இதே கதிதான். பதிப்பு எண்ணைச் சமன்செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

உடனே பழி பண்ட்லர்மீது விழும். வெப்பேக்கைத் தூக்கிவிட்டு ‘வீட்’ (Vite) கருவிக்கு மாறலாமா என்ற பேச்சுகூட எழும். ஆனால் பண்ட்லரைப் பொறுத்தவரை ஒரு மாட்யூலுக்கு அடையாளம் அதன் கோப்புப் பாதை. இரண்டு பாதைகளில் இரண்டு கோப்புகள் இருந்தால் அவை இரண்டு மாட்யூல்கள். உள்ளே இருப்பது ஒன்றேதானா என்று அது ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. என்பிஎம் லிங்க் விஷயத்தில் நடந்ததும் இதுவே. லிங்க் என்பது ஒரு சுட்டி. வெப்பேக் இயல்பாகவே அந்தச் சுட்டியைத் தொடர்ந்து உண்மையான ஃபோல்டருக்குப் போய்விடும். அங்கிருந்து ரியாக்ட்டைத் தேடும்போது நோடின் விதிப்படி தன் ஃபோல்டரிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறும். முதல் படியிலேயே, லைப்ரரி தன் சோதனைகளுக்காக நிறுவி வைத்திருக்கும் ரியாக்ட் கைக்குக் கிடைத்துவிடும். செயலியின் ரியாக்ட் வரைக்கும் போக வேண்டிய அவசியமே அதற்கு வராது.

இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்று தெரிந்திருப்பது நல்லது. என்பிஎம்மின் முதல் இரண்டு தலைமுறைகளில் ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கு வேண்டியதைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தது. மோதல் என்ற பேச்சுக்கே இடம் குறைவு; ஆனால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போய், விண்டோஸில் 260 எழுத்துப் பாதை வரம்பை முட்டியது. 2015-இல் வந்த என்பிஎம் 3 முடிந்தவரை எல்லாவற்றையும் மேல்தட்டுக்கு ஏற்றித் தட்டையாக்கியது. மேல்தட்டில் ஒரு பெயருக்கு ஓர் இடம்தான். நான்கு பேக்கேஜ்களில் இரண்டு லோடாஷ் 4-ஐயும் மற்ற இரண்டு லோடாஷ் 3-ஐயும் கேட்டால், ஒரு பதிப்பு மேலே உட்காரும். மற்றது அதைக் கேட்ட இரண்டு பேக்கேஜ்களுக்குள்ளும் தனித்தனியாக, ஒரே பதிப்பின் இரு பிரதிகளாகப் போய் அமரும். மைக்ரோசாஃப்ட்டின் ரஷ் கருவியை உருவாக்கியவர்கள் இதற்கு ‘டாப்பெல்கேங்கர்’ என்று பெயர் வைத்தார்கள். உருவம் ஒன்று, ஆள் வேறு.

லோடாஷ் இரண்டாக இருந்தால் பெரிதாக ஒன்றும் உடைவதில்லை. சுருக்கிய பிறகும் முழு லோடாஷ் 70 கிலோபைட்டைத் தாண்டும் என்பதால் பக்கம் கனக்கும், அவ்வளவுதான். ரியாக்ட் இரண்டானால் பக்கமே நின்றுவிடுகிறது. ஒரு பேக்கேஜ் தனக்குள் நிலையை வைத்திருக்கிறதா, அல்லது ‘இது என் வகுப்பில் பிறந்ததா’ என்று சரிபார்க்கிறதா என்பதில்தான் இந்த வேறுபாடு இருக்கிறது. டிபென்டன்சி மோதல் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் கவனிக்க வேண்டியது கவனிக்கப்படாமல் போகிறது. கிராஃப்கியூஎல் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கு ‘வேறொரு மாட்யூலிலிருந்து வந்த ஸ்கீமாவைப் பயன்படுத்த முடியாது’ என்ற பிழை பழக்கமானது. ஒரு பிரதியில் உருவான ஸ்கீமாவை மற்றொரு பிரதி சோதிக்கிறது. இன்ஸ்டன்ஸ்ஆஃப் ‘இல்லை’ என்கிறது. ஸ்டைல்டு-கம்போனன்ட்ஸ் தன் பிரதிகள் பல ஓடுவதாக எச்சரிக்கும்; அந்த நேரத்தில் தீம் மதிப்புகள் கீழே வந்து சேராமல் போகலாம். ரியாக்ட்டுக்கு முந்தைய காலத்தவர்களுக்கு ஜேக்வெரி நினைவுக்கு வரும்: ப்ளக்இன் ஒரு ஜேக்வெரியில் ஒட்டிக்கொள்ள, பக்கத்தின் நிரல் மற்றொரு ஜேக்வெரியை அழைத்து, அப்படியொரு ஃபங்ஷனே இல்லை என்ற பதிலை வாங்கிக்கொள்ளும். ஒரு உறையில் இரண்டு கத்தி கூடாது என்பது இப்படிப்பட்ட பேக்கேஜ்களுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

‘நான் ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும்’ என்பதைச் சொல்வதற்காகவே பியர் டிபென்டன்சி என்ற ஏற்பாடு இருக்கிறது. ‘ரியாக்ட்டை நான் கொண்டுவரமாட்டேன், நீங்கள் வைத்திருப்பதையே பயன்படுத்திக்கொள்கிறேன், அது இன்ன பதிப்புகளுக்குள் இருக்கட்டும்’ என்று லைப்ரரி செயலியிடம் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. என்பிஎம் 3 முதல் 6 வரை இந்த ஒப்பந்தம் மீறப்பட்டால் ஒரு மஞ்சள் எச்சரிக்கை மட்டும் வரும். நூறு வரி ஓடும் திரையில் அதை யாரும் பார்க்கவில்லை. 2020 அக்டோபரில் வந்த என்பிஎம் 7 பியர்களைத் தானே நிறுவத் தொடங்கியது. பொருந்தாத இடத்தில் ஈ-ரிசால்வ் என்ற பிழையோடு நின்றது. அத்தனை ஆண்டுகளாகப் பேசாமல் கிடந்த முரண்கள் எல்லாம் ஒரே நாளில் வாய் திறந்தன.

அந்தப் பிழைச்செய்தியின் கடைசியில் தப்பிக்கும் வழி ஒன்றும் எழுதியிருக்கும்: ஃபோர்ஸ் அல்லது லெகசி-பியர்-டெப்ஸ் என்ற கொடியைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள் என்று. அதே செய்தி, அப்படிச் செய்தால் உடைந்துபோகக்கூடிய தீர்வை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்றும் எச்சரிக்கிறது. முதல் பாதி பலருக்கு மனப்பாடம். இரண்டாம் பாதி யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

2024 டிசம்பரில் ரியாக்ட் 19 வெளிவந்தபோது இதை எல்லோரும் கண்கூடாகப் பார்த்தார்கள். கிரியேட் ரியாக்ட் ஆப் கருவி புதிய திட்டத்துக்கு ரியாக்ட்டின் ஆகப் புதிய பதிப்பைக் கொண்டுவந்து வைத்தது. அதன் வார்ப்புருவில் இருந்த டெஸ்டிங் லைப்ரரி 13-ஓ ரியாக்ட் 18-ஐத்தான் ஏற்கும். ரியாக்ட்டை முதன்முதலாகத் தொட்டுப் பார்க்க வந்த மாணவர், ஒரு வரி எழுதுவதற்கு முன்பே ஈ-ரிசால்வ் பிழையில் மாட்டிக்கொண்டார். அவருக்கு உடனே கிடைத்த அறிவுரை அந்தக் கொடிதான். 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே கிரியேட் ரியாக்ட் ஆப்புக்கு விடைகொடுத்துவிட்டது. அந்த மாணவர் கற்றுக்கொண்ட முதல் பாடம் மட்டும் அவரோடு அலுவலகம் வரை வந்து சேரும்.

அலுவலகத்தில் அது நிரந்தரமாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கொடியைத் தட்டச்சு செய்ய அலுத்துப்போய் யாரோ ஒருவர் என்பிஎம்ஆர்சி கோப்பில் ஒரே வரியில் எழுதிவைக்கிறார். அன்றிலிருந்து அந்தத் திட்டத்தில் பியர் ஒப்பந்தம் எதுவும் செல்லாது. எந்தப் பேக்கேஜுக்காக அந்த வரி வந்ததோ அதற்கு மட்டும் இல்லை, அடுத்த ஆண்டு நிறுவப்போகும் பேக்கேஜ்களுக்கும் சேர்த்து. நிறுவும்போது பெயரும் பதிப்பும் சொல்லி வந்திருக்க வேண்டிய பிழை, மூன்று மாதம் கழித்துப் பயனரின் உலாவியில் 321 என்ற சுருக்க எண்ணாக வருகிறது. ரியாக்ட்டின் வெளியீட்டுப் பதிப்பில் ‘இன்வாலிட் ஹூக் கால்’ அந்த எண்ணாகத்தான் தெரியும். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

தற்காலிகக் கொடி நிரந்தரமாவதற்கு இது ஒன்றே உதாரணம் இல்லை. 2021 அக்டோபரில் வந்த நோட் 17, ஓபன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியது. வெப்பேக் 4 தன் கோப்பு அடையாளங்களுக்குப் பயன்படுத்திவந்த எம்டி4 கணக்கீடு அதில் பழையவை பட்டியலுக்குப் போய்விட, பில்ட் தொடங்கிய வேகத்தில் நின்றது. அப்போதும் ஒரு லெகசி கொடி கிடைத்தது. சூழல் மாறியில் போட்டால் பழைய குறியாக்க முறைகள் எல்லாம் திறந்துகொள்ளும். ஒரு வாரத்துக்கென்று போட்ட அந்த வரி இன்னமும் எத்தனையோ பில்ட் ஸ்கிரிப்டுகளில் குடியிருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈ-ரிசால்வ் சொல்வதெல்லாம் உண்மையான முரண் இல்லை. லைப்ரரி புதிய ரியாக்ட்டோடு நன்றாகவே ஓடும். பராமரிப்பவர் தன் பியர் வரம்பை விரிக்க நேரமின்றி விட்டிருப்பார், அவ்வளவே. அந்த நிலையில் வேலையை நிறுத்திவைக்கச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குக் கதவை முழுக்கத் திறந்துபோட வேண்டியதில்லை. என்பிஎம் 8.3 முதல் ஓவர்ரைட்ஸ் இருக்கிறது. யார்னில் ரெசல்யூஷன்ஸ் அதற்கும் முன்பிருந்தே உண்டு. பிஎன்பிஎம்மிலும் ஓவர்ரைட்ஸ் உண்டு. என்பிஎம்மில் குறிப்பிட்ட அந்த லைப்ரரியின் பெயருக்குக் கீழே ரியாக்ட் என்று எழுதி, மதிப்பாக டாலர் குறியோடு ரியாக்ட் என்று கொடுத்தால், ‘செயலி நேரடியாகக் கேட்டிருக்கும் அதே பதிப்பு’ என்று பொருள். அந்த ஒரு லைப்ரரிக்கு, அந்த ஒரு பியருக்கு மட்டும் விலக்கு. மற்ற ஒப்பந்தங்கள் அப்படியே காவலில் நிற்கும். கொடியோ யாருக்காக வந்தது என்பதைச் சொல்லாது. ஓவர்ரைட்ஸ் வரி பெயரோடு நிற்கும். அந்த லைப்ரரி அடுத்த பதிப்பில் வரம்பை விரித்ததும் எந்த வரியை அழிப்பது என்ற குழப்பம் வராது.

டைப்ஸ்கிரிப்ட் பயன்படுத்துபவர்கள் ஓவர்ரைட்ஸின் அருமையை 2022-இல் அனுபவித்தார்கள். ரியாக்ட் 18-க்கான வகைக்கோப்புகள் வந்தபோது, ரியாக்ட் 17-இலேயே இருந்த திட்டங்களிலும் ‘இதை ஜேஎஸ்எக்ஸ் கம்போனன்ட்டாகப் பயன்படுத்த முடியாது’ என்ற பிழை கொட்டியது. காரணம், பல வகைப் பேக்கேஜ்கள் ரியாக்ட்டின் வகைகளை ‘எந்தப் பதிப்பானாலும் சரி’ என்று நட்சத்திரக் குறி போட்டுக் கேட்டிருந்தன. புதியது வந்ததும் அவற்றின் வழியே அது உள்ளே நுழைந்து, பழையதோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒற்றை ஓவர்ரைட் வரியில் அது தீர்ந்தது.

பண்ட்லரிடமும் கருவிகள் உண்டு. வெப்பேக்கின் ஏலியாஸில் ரியாக்ட்டுக்கு ஒரே பாதையைக் கட்டிவிடலாம். ‘வீட்’ கருவியின் டிடூப் பட்டியலில் பெயரைச் சேர்த்தால் எங்கிருந்து கேட்டாலும் திட்டத்தின் வேரிலிருக்கும் பிரதியையே கொடுக்கும். லிங்க் போட்டு வேலை செய்யும் நாட்களுக்கு இவை கைகண்ட மருந்து. எனினும் ஏலியாஸ் பதிப்பைச் சரிபார்ப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது: லைப்ரரி 17-ஐக் கேட்டாலும் கையில் 19-ஐக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும். அது பண்ட்லரின் அமைப்புக் கோப்பில் மட்டுமே உயிரோடு இருக்கும் என்பது இன்னொரு சிக்கல். ஜெஸ்ட் வெப்பேக்கின் அமைப்பைப் படிக்காது. அதற்குத் தனியாக மாட்யூல்நேம்மேப்பர் எழுத வேண்டும். சர்வர் பக்கம் நோட் நேரடியாக எடுத்துக்கொள்ளும் பேக்கேஜ்களுக்கும் ஏலியாஸ் எட்டாது. சோதனையில் ஒரு ரியாக்ட், சர்வரில் ஒரு ரியாக்ட், உலாவியில் ஒரு ரியாக்ட் என்று மூன்று உலகங்கள் உருவாகிவிட்டால், ஒன்றில் வரும் பிழையை மற்றதில் பிடிக்கவே முடியாது. நிறுவும் இடத்திலேயே மரத்தைச் சரிசெய்துவிட்டால் மூன்றும் தானாகச் சரியாகும்.

மரம் சரியாக இருந்தும் இரண்டாகும் ஒரு வகை உண்டு. அனுபவசாலிகளையும் அதுதான் அலைக்கழிக்கிறது. என்பிஎம் எல்எஸ் ஓட்டினால் கிராஃப்கியூஎல் 16 ஒரே ஒரு முறை, ஒரே பதிப்பில் தெரிகிறது. பிழையோ இரண்டு பிரதிகள் என்கிறது. இரண்டும் உண்மை. அந்தப் பேக்கேஜுக்குள் காமன்ஜேஎஸ் கோப்புகளும் ஈஎஸ் மாட்யூல் கோப்புகளும் ஒரே நிரலின் இரு வடிவங்களாக இருக்கின்றன. இம்போர்ட் என்று கேட்டவர் ஒரு கோப்பையும், ரிக்வயர் என்று கேட்டவர் மற்றொரு கோப்பையும் பெறக்கூடும். பாதை இரண்டு, ஆகவே மாட்யூல் இரண்டு. நோடின் ஆவணங்கள் இதை ‘டூயல் பேக்கேஜ் ஹசார்டு’ என்று பெயரிட்டே எச்சரித்திருக்கின்றன. இங்கே நிறுவியைக் கேட்டுப் பயனில்லை. பில்ட் ஆகி வந்த கோப்பையே திறந்து பார்க்க வேண்டும்: வெப்பேக் பண்டில் அனலைசரோ ரோலப்பின் விஷுவலைசரோ காட்டும் கட்டங்களில் ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறதா என்று. பிஎன்பிஎம் மோனோரெப்போக்களிலும் இதன் உறவுக்காரன் ஒன்று உண்டு. ஒரே பேக்கேஜின் பியர்களுக்கு இரு இடங்களில் வெவ்வேறு பதிப்புகள் அமைந்தால், பிஎன்பிஎம் அந்தப் பேக்கேஜையே பியர் தொகுப்புக்கு ஒன்றாக அமர்த்தும்.

இதுவரை பேசியது செயலி எழுதுபவர்களைப் பற்றி. லைப்ரரி எழுதுபவர்களின் பொறுப்பு இன்னும் பெரியது, ஏனென்றால் அவர்கள் செய்யும் ஒரு தவறு அதை நிறுவும் ஒவ்வொருவர் வீட்டிலும் போய் வெடிக்கும். ரியாக்ட்டை டிபென்டன்சியாக எழுதாமல் பியராக எழுத வேண்டும், சோதனைக்கு மட்டும் டெவ் டிபென்டன்சியிலும் வைத்துக்கொள்ள வேண்டும், ரோலப்பில் எக்ஸ்டர்னல் என்று ஒதுக்க வேண்டும்: இவை பலருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. எக்ஸ்டர்னல் பட்டியலில் ‘ரியாக்ட்’ என்று எழுதினால் ரோலப் அந்தச் சொல்லை மட்டுமே ஒதுக்கும். ஜேஎஸ்எக்ஸ் எழுதும்போது கம்பைலர் தானாகச் சேர்க்கும் ‘ரியாக்ட் சாய்கோடு ஜேஎஸ்எக்ஸ்-ரன்டைம்’ என்ற பெயர் வேறு பெயர். அது ஒதுக்கப்படாமல் லைப்ரரிக்குள்ளேயே கட்டப்பட்டுப் போய்விடும். ரியாக்ட் 18 வரை இது யாருக்கும் தெரியாமல் ஓடியது. ரியாக்ட் 19-இல் எலிமென்ட்டின் உள் அடையாளக் குறியையே மாற்றினார்கள். லைப்ரரிக்குள் உறைந்துபோயிருந்த பழைய ரன்டைம் பழைய குறியோடு எலிமென்ட்டுகளை உருவாக்க, ‘பழைய ரியாக்ட் பதிப்பின் எலிமென்ட் ஒன்று வரையப்பட்டது’ என்ற பிழையோடு செயலி நின்றது. பியர் வரம்பு சரி, நிறுவல் சரி, மரத்தில் ரியாக்ட் ஒன்றே ஒன்று. இருந்தும் வெளியிட்ட கோப்புக்குள் இரண்டாவது ரியாக்ட்டின் ஒரு துண்டு ஒளிந்திருந்தது. லைப்ரரியை வெளியிடும் முன் என்பிஎம் பேக் ஓட்டி, கிடைத்த பொதியைப் பிரித்து, உள்ளே ‘ரியாக்ட் டாட் எலிமென்ட்’ என்ற சரம் இருக்கிறதா என்று ஒரு முறை தேடினால் போதும். ஒரு நிமிட வேலை.

மாட்யூல் ஃபெடரேஷன் பயன்படுத்தும் குழுக்களுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. வெப்பேக் 5-இல் வந்த அந்த ஏற்பாட்டில் தனித்தனியாகப் பில்ட் ஆன செயலிகள் உலாவியில் சந்தித்துக்கொள்கின்றன. யார் ரியாக்ட்டைப் பகிர்ந்துகொள்வது என்ற பேச்சுவார்த்தையே பயனரின் கணினியில்தான் நடக்கிறது. சிங்கிள்டன் என்று மட்டும் எழுதிவிட்டு ஸ்ட்ரிக்ட்வெர்ஷனை விட்டுவிட்டால், பொருந்தாத பதிப்பு கிடைத்தாலும் கன்சோலில் ஓர் எச்சரிக்கையோடு கடந்துவிடும். மறுபடியும் அதே மஞ்சள் வரி, இந்த முறை பயனரின் திரையில்.

குழுக்கள் தங்கள் திட்டத்தில் ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டிய பேக்கேஜ்கள் எவை என்று உட்கார்ந்து எழுதினால் பட்டியல் பத்தைத் தாண்டாது: ரியாக்ட், ரியாக்ட்-டாம், ரௌட்டர், நிலை மேலாண்மை, ஸ்டைல் லைப்ரரி, கிராஃப்கியூஎல், இப்படிச் சில. அந்தப் பத்துக்கு மட்டும் என்பிஎம் எக்ஸ்ப்ளெயின் ஓட்டி, யார் எந்தப் பதிப்பைக் கேட்கிறார்கள் என்று பார்க்கலாம். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் சிஐ அதைச் சரிபார்த்து, இரண்டாவது பிரதி முளைத்த அன்றே நிறுத்தலாம். ஓவர்ரைட்ஸ் வரி எழுத வேண்டி வந்தால், ஜேசானில் குறிப்பு எழுத இடமில்லாததால், காரணத்தையும் எந்தப் பதிப்பு வந்ததும் நீக்கலாம் என்பதையும் கமிட் செய்தியில் எழுதலாம்.

அதற்கும் முன்னால், இந்த வாரமே, ஒரு புதிய கிளையில் என்பிஎம்ஆர்சி கோப்பைத் திறந்து லெகசி-பியர்-டெப்ஸ் வரி இருந்தால் அதை அழித்துவிட்டு, நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை நீக்கி மறுபடி நிறுவிப் பார்க்கலாம். எந்தெந்தப் பேக்கேஜ்கள் முரண்படுகின்றன என்று நிறுவியே பெயர் சொல்லும். முதல் முறை ஓட்டும்போது ஒன்றுதான் தெரியும். அதைத் தீர்த்தால் அடுத்தது தெரியும். நான்கைந்து முறை ஓட்டினால், அந்த வரி இத்தனை நாள் எவற்றையெல்லாம் மூடி வைத்திருந்தது என்பது குழுவின் கையில் ஒரு பட்டியலாக இருக்கும்.